காக்கைக்குப் படைத்த பவளம்

எங்கள் தகப்பனார் அருணாச்சலம் இருபத்திரண்டு வருடம் கிராம முன்சீப்பாக இருந்தார். அந்த இருபத்திரண்டு வருடத்தில் அவர் எந்த வீட்டு வாசலிலும் நின்று யாரையும் கூப்பிட்டதில்லை. தெருமுனையில் ஒருமுறை தொண்டையைச் செருமுவார். வேண்டியவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்து நிற்பார்கள். எளாவூருக்குத் தெற்கே எங்கள் ஊரில் அந்தச் செருமலை அறியாதவர் கிடையாது. அவர் காலமான பிறகு மூத்த மகன் என்ற முறையில் அதை நான் காப்பாற்றி வருகிறேன். என் பெயர் துளசிராமன்.

எழுபத்திரண்டாம் வருடம் ஆனி மாதத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலநிற விமானத் தபால் ஒன்று வந்தது. எழுதியவன் என் தம்பி முனிகிருஷ்ணன். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவன். சென்னையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் வாத்தியாராக இருந்துவிட்டு, ஆராய்ச்சிக்கென்று ஆறு வருடத்துக்கு முன் கப்பலேறியவன். எதைப் பற்றிய ஆராய்ச்சி என்று நான் கேட்டதில்லை. பெரிய ஆராய்ச்சி என்று ஊரில் சொல்லியிருந்தேன். அதுவே போதுமானதாக இருந்தது.

கடிதத்தைத் தெருவிலேயே பிரித்து, தபால்காரன் கலியனும் டீக்கடையில் இருந்தவர்களும் கேட்கும்படி படித்தேன். நம் வீட்டுக் கடிதத்தில் மறைக்க என்ன இருக்கிறது?

"அண்ணாவுக்கு நமஸ்காரம். இங்கே மலைக்காட்டில், தைல மரங்களுக்கு அடியில், இதுவரை யாரும் விவரித்து எழுதாத புதிய இனம் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன். அதற்கு நம் நைனாவின் பெயரையே வைக்கலாம் என்றிருக்கிறேன். அது ஒரு பவளக்..."

அடுத்த சொல்லைப் பார்த்ததும் படிப்பதை நிறுத்தினேன். அடுத்த சொல் 'காளான்'.

"இன்னா பெரியவரே, நிறுத்திட்டீங்க?" என்றான் கலியன். "பவள இன்னா?"

"பவளம்" என்றேன். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

நான் பொய் சொல்லவில்லை. எழுதியிருந்ததில் ஒரு சொல்லைப் படிக்காமல் விட்டேன். அவ்வளவுதான். ஆனால் சாயங்காலத்துக்குள் ஊர் அந்தப் பவளத்தை எடுத்துக்கொண்டு வெகுதூரம் போய்விட்டது. ஆஸ்திரேலியாவில் கடலுக்கு நடுவே ஒரு பவளத் தீவுக்கு முன்சீப்பின் பெயரை வைக்கிறார்களாம். அங்கே சிலை வைக்கிறார்களாம். மறுநாள் ஆரம்பாக்கத்து ஆசாரி ஒருவர் வந்து, பவளம் வந்தால் தம்மிடமே கட்டக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனார். நான் ஒன்றையும் ஆமோதிக்கவில்லை. மறுக்கவும் இல்லை.

மூன்றாம் நாள் சுப்பராயன் சொல்லியனுப்பினது வந்து சேர்ந்தது. "பவளமா? ஒரே ஒரு மணி காட்டச் சொல்லு, கண்ணுல ஒத்திக்கிறேன்."

சுப்பராயன் எங்கள் பங்காளி. என் தகப்பனாரின் தம்பி மகன். தம்பி மகனாக இருந்தும் என்னைவிட எட்டு மாதம் முன்னால் பிறந்துவிட்டார். இதில் அவருடைய சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது. ஆனால் தகப்பனார் காலமான வருடம், கெங்கையம்மன் ஜாத்திரையில் பரிவட்டம் யாருக்கு என்ற கேள்வி வந்தபோது அந்த எட்டு மாதத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் வாசலில் வந்து நின்றார். அம்மன் சந்நிதியில் தலையில் கட்டும் அந்த ஒரு முழத் துணி முதல் மரியாதைக்கு உரியவனுக்கு. வயதில் மூத்தவன் நான் என்றார் அவர். மூத்தவரின் மகன் நான் என்றேன் நான். ஊர் என் பக்கம் நின்றது. அன்றிலிருந்து பதினோரு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது.

சமாதானம் பேச வந்தவர்களிடமெல்லாம் அவர் சொன்ன ஒரே வார்த்தை: "பரிவட்டம் அவனே கட்டிக்கட்டும். என்னை அண்ணான்னு ஒருவாட்டி கூப்புடச் சொல்லு. அப்பால பேசறேன்."

நான் கூப்பிடவில்லை. மூத்த வழியில் வந்தவன் இளைய வழியில் வந்தவனை அண்ணா என்று கூப்பிட்டால், பிறகு வழி என்று ஒன்று எதற்கு?

*

ஆவணியில் முனிகிருஷ்ணன் இரண்டு மாத லீவில் வந்தான். கும்மிடிப்பூண்டி பாசஞ்சரில் இறங்கி, நான்கு அட்டைப் பெட்டிகளைக் குலுங்காமல் மடியில் வைத்துக்கொண்டு ஒற்றை மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தான். கலியன் சைக்கிளை விட்டு இறங்கி, "அதுலதான் பவளமா?" என்று கேட்டான். முனி என்னைப் பார்த்தான். நான் வண்டிக்காரனைப் பார்த்தேன்.

மாடி அறையில் கதவைச் சாத்தியபின் பெட்டிகளைத் திறந்தான். உள்ளே பஞ்சுக்கு நடுவில், பொங்கலுக்கு வாங்கி மறந்துபோன இஞ்சிக் கொத்துபோல நான்கு வஸ்துகள் இருந்தன.

"இதுவா?" என்றேன்.

"காஞ்சுபோனதால அப்டி இருக்குண்ணா. உயிரோட இருக்கசொல்லோ எப்டி இருந்துச்சுன்னு பாருங்க." அவன் அங்கேயே வரைந்து வண்ணம் தீட்டிய படங்களைக் காட்டினான்.

உண்மையைச் சொல்ல வேண்டும். படங்கள் அழகாக இருந்தன. தரையிலிருந்து ஒரு அடிக்கட்டை எழும்பி, அது இரண்டாக, இரண்டு நான்காகக் கிளை பிரிந்து, கடலுக்குள் இருக்கும் பவளக் கொடி அப்படியே காட்டுக்குள் முளைத்ததுபோல. ஒன்று நல்ல செவ்வரளி நிறம். எனக்கு உயிர் வந்தது.

"இதுக்குத்தானே நைனா பேரு?"

"இது இல்லண்ணா. இதுக்கு எண்பது வருஷத்துக்கு முன்னாடியே ஒரு வெள்ளக்காரரு பேரு வெச்சிட்டாரு."

"அவரு இருக்காரா?"

"எப்பவோ செத்துட்டாரு."

"அப்பறம் இன்னா?"

"செத்தாலும் மொதல்ல வெச்ச பேருதாண்ணா நிக்கும். அதான் இதுல சட்டம். யாரு முந்திக்கினாங்களோ அவங்களுக்குத்தான் எடம்."

முதலில் அந்தச் சட்டம் எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் யோசித்தபோது அது நேராக எட்டு மாதக் கணக்கில் கொண்டுபோய் விடும் என்று பட்டது. மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

"அப்ப நைனாவுது எது?"

கடைசிப் படத்தைக் காட்டினான். காய்ந்த வரட்டி நிறம். அடியில் மட்டும் யாரோ கத்தரிக்காயை நசுக்கித் தேய்த்ததுபோல ஊதாக் கறை. நுனிகள் ஒவ்வொன்றும் மூன்று பல்லாகப் பிரிந்து வெளிர் மஞ்சளாக இருந்தன.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"முனி, நைனா வெள்ளிப்பூண் போட்ட தடி வெச்சிருந்தவரு. ஜமாபந்திக்கு வந்த கலெக்டரு எழுந்து நின்னு நாற்காலி போடச் சொன்னாரு. அவரு பேர நாய்க்கொடைக்கு வெப்பியா? ஒரு மரம் கெடைக்கலியா? ஒரு பழமாவது?"

"நான் மரம் படிக்கலண்ணா. இதான் படிச்சேன்."

அடுத்த சில நாட்கள் அவன் வேலை செய்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய கல்லூரியிலிருந்து ஒரு மைக்ராஸ்கோப்பை இரவல் வாங்கி வந்திருந்தான். அடிக்கட்டை ஒன்றா பலவா, கிளை எந்த உயரத்தில் பிரிகிறது, நுனி கூரா மொட்டையா, கசக்கினால் நிறம் மாறுகிறதா, அன்னபேதிக் கரைசலை ஒரு சொட்டு விட்டால் பச்சையாகிறதா, முகர்ந்தால் என்ன வாசனை என்று ஒவ்வொன்றாகக் குறித்தான். பிறகு கண்ணுக்குத் தெரியாத வித்துத்தூளை எடுத்து, அதன் நீள அகலத்தையும் மேலிருக்கும் மருக்களையும் அளந்தான். சம்பந்தம் பேசப் போகிறவன்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டான். எல்லாம் ரமாரியா என்ற ஒரே வகையறாவாம். அதில் எது எந்தக் கிளை, யாருக்கு யார் பங்காளி, யார் அயலான் என்பதுதான் தகராறு. அந்த விவகாரம் எனக்குப் புரிந்தது. முன்சீப் வீட்டில் பிறந்தவனுக்கு அது புரியாமல் இருக்குமா?

கடைசியில் அவன் லத்தீனில் எழுத ஆரம்பித்தான்.

"இது எதுக்கு? அங்க லத்தீன்லயா பேசறாங்க?"

"யாரும் பேசறதில்லண்ணா. ஆனா லத்தீன்ல ஒரு வெவரம் எழுதாட்டி பேரு செல்லாது."

சடங்கு இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு அந்த விஷயத்தின்மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது. "பேரு எத்தினி நாளைக்கு இருக்கும்?" என்று கேட்டேன்.

"இந்தப் படிப்பு இருக்கற வரைக்கும். நாளைக்கே ஒருத்தரு வந்து, இது ரமாரியா இல்ல, வேற வகையறான்னு மாத்தினாலும், அருணாச்சலம்ன்ற பேரு கூடவே போவும். யாரும் புடுங்க முடியாது."

பரிவட்டத்தை அவிழ்த்துவிட்டால் அது ஒரு முழத் துணி. இது அப்படியில்லை. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் சம்மதம் சொன்னேன், ஒரு நிபந்தனையோடு: அச்சில் வரும்வரை காளான் என்ற சொல் இந்த வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது.

முனிகிருஷ்ணன் சிரித்துக்கொண்டே பெட்டியின்மேல் ஒரு சீட்டை ஒட்டினான். ஆங்கிலத்தில் தகப்பனாரின் பெயர், பின்னால் லத்தீன் வாலோடு. பிறகு என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னான்: "அண்ணா, ஒண்ணு நெனப்புல வெச்சிக்கோங்க. காட்ல இது ஒண்ணுதான் கெடச்சிது. இதுக்கு டைப்புன்னு பேரு. நான் எழுதறதுக்கெல்லாம் இதான் சாட்சி. நுனியில இருக்கற மூணு பல்லுலதான் மத்ததுலேர்ந்து இது வித்தியாசம். கையெழுத்துப் போட்டு எடுத்தாந்திருக்கேன், திருப்பி அவங்க காட்சிசாலையில வெக்கணும். இது இல்லன்னா, பேரும் இல்ல."

"மூலப் பத்திரம்" என்றேன்.

"அதேதாண்ணா."

இதைவிடத் தெளிவாக ஒருவனுக்கு ஒன்றைச் சொல்ல முடியாது. நானும் இதைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டிருக்க முடியாது. பின்னால் நடந்ததற்கு அறியாமையைக் காரணம் சொல்ல நான் தயாரில்லை.

*

புரட்டாசியில் தகப்பனாரின் திதி. கூடத்தில் அவர் படத்துக்கு மாலை போட்டு, வாழையிலையில் படையல் வைத்தோம். வடை, அதிரசம், பூசணிக்காய்க் கூட்டு, பாயசம், அவர் பிடித்த சுருட்டு இரண்டு. எல்லாம் வைத்தபின், அவர் பெயர் எழுதிய பெட்டி மாடியில் தனியாக இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எடுத்து வந்து படத்தின் முன் வைத்து, அவர் பார்க்கட்டும் என்று மூடியைத் திறந்தேன்.

என் மனைவி தாயாரம்மாள் மாமனாரின் பெயரை வாயால் சொல்லாதவள். பெட்டியில் அந்தப் பெயர் ஏறியதிலிருந்து அதற்கும் "மாமா" என்றே சொல்லி வந்தாள். "மாமாவுக்குச் சந்தனம் வெக்கட்டா?" என்று கிண்ணத்தோடு வந்தவளை, "பொட்டிக்கு மட்டும் வை" என்று தடுத்தேன். எச்சரிக்கையாகத்தான் இருந்தேன்.

படையலில் ஒவ்வொன்றிலும் ஒரு கிள்ளு எடுத்து, சின்ன இலையில் வைத்து, நானும் தாயாரம்மாளும் மொட்டை மாடிக்குப் போனோம். கைப்பிடிச் சுவரில் இலையை வைத்துக் காக்கையைக் கூப்பிட்டோம். முனிகிருஷ்ணன் கீழே உறவுக்காரர்களுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தான். காக்கை எடுக்காமல் யாரும் கை நனைக்க முடியாது.

காக்கை வரவில்லை.

சுற்றிலும் காக்கை இல்லாமலில்லை. சுப்பராயன் வீட்டு வேப்பமரத்தில் ஏழெட்டு உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. அரைமணி நேரம் கூப்பிட்டதில் எனக்குத் தொண்டை கட்டியது. அடுத்த மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த சுப்பராயன் மனைவி செங்கம்மாள் கையை இடுப்பில் வைத்து நின்று வேடிக்கை பார்த்தாள். கீழேயிருந்து ஒரு பெரியவர், "பசி காத அடைக்குதுப்பா, காக்கா வந்துச்சா இல்லியா?" என்று குரல் கொடுத்தார்.

"மாமாவுக்குக் கோவம்" என்றாள் தாயாரம்மாள். "இன்னாத்தையோ வெக்காம வுட்டுட்டோம்."

"எல்லாம் வெச்சாச்சு. சுருட்டுகூடக் கிள்ளி வெச்சாச்சு."

"மாமாவ வெச்சீங்களே, அதுலேர்ந்து கிள்ளி வெச்சீங்களா?"

நான் நின்றேன். படைத்ததில் ஒன்று விடாமல் காக்கைக்கு வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதில் பிசகு வந்ததேயில்லை. பெட்டியைப் படையலில் வைத்தவன் நான். அது படையல்தான். அதை மட்டும் விட்டது குறைதான். ஆனால் மூலப் பத்திரத்தில் ஒரு கிள்ளு கிள்ளுவது எப்படி?

ஒரு வழி தோன்றியது. கொத்து காயும்போதே இரண்டாகப் பிரிந்திருந்தது. அடிக்கட்டை ஒன்று, கிளைகள் ஒன்று. கிளைகளை முழுதாக இலையில் வைப்பது. காக்கை வடையைத் தொட்டதும் முழுதாக எடுத்துக்கொள்வது. குறையும் தீரும், பத்திரமும் பத்திரமாக இருக்கும். எந்தக் காக்கை வடையை விட்டுவிட்டு ஆஸ்திரேலியக் காளானை எடுக்கும்?

கீழே போய்ப் பெட்டியோடு எடுத்து வந்து, கிளைகளை மட்டும் இலையில் வைத்தேன். கையை எடுக்கவில்லை, வேப்பமரத்திலிருந்து ஒன்று கிளம்பியது. சுவரில் இறங்கியது. கழுத்தைச் சாய்த்து என்னைப் பார்த்தது. வடையை மிதித்து, அதிரசத்தைத் தள்ளி, தகப்பனார் பெயரை அலகில் கவ்வியது. பறந்தது.

என் இரண்டு கைகளும் தாமாகக் குவிந்துவிட்டன. அதை நான் மறைக்க மாட்டேன்.

"மாமா ஏத்துக்கினாரு!" என்று தாயாரம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "காக்கா எடுத்துச்சு!" என்று கீழே யாரோ கத்தினார்கள். உடனே சாம்பார் ஊற்றும் சத்தம் கேட்டது.

முனிகிருஷ்ணன் மாடிக்கு வந்தான். சுவரைப் பார்த்தான். பக்கத்தில் அடிக்கட்டை மட்டும் கிடந்த பெட்டியைப் பார்த்தான். "இன்னாண்ணா வெச்சீங்க?"

நான் சொன்னேன்.

 அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டான். "ஆறு வருஷம்ணா" என்றான். பிறகு, "நைனா பேரு போச்சு" என்றான். முதலில் சொன்னதைவிட இரண்டாவது சொன்னது எனக்குள் ஆழமாக இறங்கியது.

அப்போதுதான் பக்கத்து மாடியிலிருந்து செங்கம்மாள் குரல் வந்தது. பதினோரு வருடத்தில் முதல்முறை. "அடியே தாயாரு! உங்க காக்கா இன்னாத்தையோ கொண்டாந்து எங்க மொளகா மேல துப்பிட்டுப் போச்சு! எவ்ளோ பேஜாரு!"

முனிகிருஷ்ணன் ஒரே ஓட்டமாக ஓடினான். பத்து நிமிடத்தில் வெறுங்கையோடு வந்தான்.

"தாம்பாளத்துல வெச்சிக்கினு ஒக்காந்திருக்காரு. குடுக்க மாட்டேன்றாரு. தூக்கினு வந்தது பெரியவரு ஊட்டுக் காக்கா, பெரியவரே வந்து கேக்கட்டும்னாரு." கொஞ்சம் தயங்கி, "எறும்பு வரதுக்குள்ள போங்கண்ணா" என்றான்.

*

சுப்பராயன் வீட்டுக் கதவுக்கும் எங்கள் கதவுக்கும் நாற்பது அடி இருக்கும். மேல்துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். சாப்பாட்டை முடித்த உறவுக்காரர்கள் கையைக்கூடக் கழுவாமல் வாசலில் வந்து நின்றார்கள். தபால்பையோடு கலியன் நின்றான்.

வாசலில் நின்று செருமினேன்.

உள்ளே தாம்பாளம் நகரும் சத்தம் கேட்டது. வேறொன்றும் இல்லை.

இன்னொருமுறை, தகப்பனார் செருமுவதுபோலவே செருமினேன்.

"செங்கம்மா" என்றது சுப்பராயனின் குரல், "வெளிய யாருக்கோ இருமலு. ஒரு டம்ளர் சுடுதண்ணி குடு."

தெருவில் சிரித்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. எட்டு மாதம் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வளர்ப்பு எங்களுடையது அல்ல. "ஊட்ல யாரு?" என்று கேட்டேன்.

"நாங்க இருக்கோம். கூப்புடறது யாரு? எங்கள இன்னான்னு கூப்புடறது?"

எறும்பு வந்துகொண்டிருக்கும் என்ற நினைப்பு வந்தது. மூன்று பல் நுனிகள் நினைவுக்கு வந்தன. யாரும் பிடுங்க முடியாத பெயர் நினைவுக்கு வந்தது.

"அண்ணா" என்றேன்.

தெருவில் சிரித்தவர்கள் ஓரடி முன்னால் வந்தார்கள்.

"காதுல வுழல" என்றார் சுப்பராயன் உள்ளேயிருந்து.

"அண்ணா!"

சுப்பராயன் தாம்பாளத்தோடு வெளியே வந்தார். மேலே மிளகாய் விதை ஒட்டிக்கொண்டு அந்தக் கிளைக்கொத்து இருந்தது. "வா துளசி. இது இன்னாது?"

"பவளம்" என்றேன், பழக்கத்தில்.

"பவளத்துக்கு ஊறவெச்ச மொச்சக்கொட்ட வாசன அடிக்குமா? மோந்து பாரு. நானும் பாத்தேன், இவளும் பாத்தா. சொல்லு, இன்னா இது?"

கலியனின் கழுத்து என் தோளுக்குமேல் நீண்டது. மூன்று மாதமாக நான் சுமந்த அந்த ஒரு சொல்லைக் கீழே இறக்கினேன்.

"காளான்."

ஊர் சிரிக்கும் என்று காத்திருந்தேன். முதலில் சிரிக்க வேண்டியவர் சுப்பராயன். அவர் சிரிக்கவில்லை. அவர் முகம் சுருங்கியது.

"பால்காரனுக்குத் தெரியும். கலியனுக்குத் தெரியும். ஆரம்பாக்கத்து ஆசாரிக்குத் தெரியும், பெரியப்பா பேர வெக்கறாங்கன்னு. எனக்கு ஒரு வார்த்த சொன்னியா? அவரு எனக்கு யாரு? பவளமோ காளானோ எந்த எழவோ, அது அவரு பேரு. என்னத் தோள்ல தட்டி சோழவரத்துக்குக் கார் பந்தயம் பாக்க இட்டுகினு போனாரே, அந்த மனுசன் பேரு!"

"எங்க நைனா கார் பந்தயத்துக்கெல்லாம் போனதில்ல."

"உனக்குச் சொன்னாரா? உன்னாண்ட சொன்னா நீ கௌரவம் பாப்பேன்னு சொல்லல. மாட்டு வண்டிமேல ஏறி நின்னு, ரெண்டு வெரல வாய்ல வெச்சி விசில் அடிச்சாருய்யா!"

"எங்க நைனா விசில் அடிக்க மாட்டாரு!"

"நீ கூட வந்தியா?"

"இல்ல."

"அப்பறம் இன்னா பேசற?"

  சுப்பராயன் தாம்பாளத்தை நீட்டினார். நான் கை நீட்டியதும் கொஞ்சம் பின்னால் இழுத்தார்.

"முனி எழுதற பொஸ்தகத்துல, இத மீட்டுக் குடுத்தது யாருன்னு இருக்கணும்."

"அவங்கிட்ட கேக்கணும்" என்றேன்.

"எழுதறேன்! எழுதறேன்!" என்று எங்கள் வாசலிலிருந்து முனிகிருஷ்ணன் கத்தினான். அவனுக்குக் குடும்ப கௌரவம் என்றால் என்னவென்று என்றுமே தெரிந்ததில்லை.

மாடி அறையில் மிளகாய் விதைகளை ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்து, லென்சை வைத்துப் பார்த்தான். ஒரே ஒரு கிளை நுனி இல்லை. காக்கை விழுங்கியிருந்தது. மற்றவை எல்லாவற்றிலும் மூன்று பல்லும் இருந்தன. "பொழச்சோம்ணா" என்றான். தாயாரம்மாள், "ஒரு கிள்ளுதான் எடுத்துக்கினாரு மாமா, கணக்கா" என்றாள். அவளோடு நான் வாதாடவில்லை. படைத்ததில் ஒரு கிள்ளுதானே காக்கைக்கு உரியது?

*

எழுபத்துநான்காம் வருடம் தை மாதம் அந்த ஆராய்ச்சிப் பத்திரிகை கப்பல் தபாலில் வந்தது. ஒரே ஒரு பிரதி. நாற்பத்தெட்டாம் பக்கத்தில் சாய்ந்த எழுத்தில் எங்கள் தகப்பனாரின் பெயர் இருந்தது. கீழே யாரும் பேசாத லத்தீனில் எட்டு வரி. அதற்கும் கீழே ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்ததற்கு முனிகிருஷ்ணன் கடிதத்தில் தமிழ் எழுதியிருந்தான்:

"டைப்பில் ஒரு கிளை நுனி இல்லை. ஆசிரியரின் தமையனார் குடும்பச் சடங்கு ஒன்றின்போது அதை ஒரு காகத்துக்கு அளித்துவிட்டார். எஞ்சியதை மீட்டுத் தந்த திரு. சுப்பராயனுக்கு ஆசிரியரின் நன்றி."

உண்மையை எழுதாவிட்டால் பெயர் நிற்காது என்று சமாதானம் சொல்லியிருந்தான். நானும் ஒப்புக்கொண்டேன். பெயர் நிற்க வேண்டும்.

அன்று சாயங்காலமே சுப்பராயன் வந்து பத்திரிகையை வாங்கிக்கொண்டு போனார். படித்துவிட்டுத் தருவார் என்று நினைத்தேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பதை நான் யோசிக்கவில்லை. ஒரு மாதம் கழித்துக் கேட்டனுப்பியபோது பதில் வந்தது: "அதுல பெரியப்பா பேரு இருக்குது. முனி பேரு இருக்குது. என் பேரு இருக்குது. துளசி பேரு எந்தப் பக்கத்துல இருக்குதுன்னு காட்டச் சொல்லு, குடுத்தனுப்பறேன்."

இப்போது அது அவர் வீட்டு அலமாரியில் மஞ்சள் துணி சுற்றி இருக்கிறது. அடுத்த ஜாத்திரையிலும் பரிவட்டம் எனக்குத்தான் கட்டினார்கள். சுப்பராயன் பக்கத்தில் நின்று அதன் முடிச்சைச் சரிசெய்தார். ஊர் பார்த்தது. அதில் எனக்குக் குறையில்லை.

ஆனால் தகப்பனாரின் பெயரை அச்சில் பார்க்க வேண்டும்போல் இருக்கும்போதெல்லாம் அந்த நாற்பது அடியை நான் நடக்க வேண்டியிருக்கிறது. வாசலில் நின்று முதலில் செருமுகிறேன். அது என் கடமை. உள்ளேயிருந்து சுடுதண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார்கள். பிறகு தெருவில் யாரும் வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "அண்ணா" என்று கூப்பிடுகிறேன்.